பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?



எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். மனிதனைக் குறித்துச் சொன்ன அந்த வார்த்தை இயந்திரத்துக்கும் பொருந்தும். டீசல் இயந்திரமாயினும் பெட்ரோல் இயந்திரமாயினும், சிலிண்டரின் மேற்புறத்தை மூடியிருக்கும் கனமான வார்ப்புப் பாகத்தைச் சிலிண்டர் ஹெட் என்கிறோம். பட்டறையில் வேலை செய்பவர்கள் சுருக்கமாக 'ஹெட்' என்பார்கள். நான் இன்று அதைத் 'தலை' என்றே சொல்லப் போகிறேன். அந்தத் தலை தேய்ந்தோ வெடித்தோ போய்விட்டால் அதைப் பழுது பார்த்துப் பயன்படுத்துவதா, அல்லது எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

இது பட்டறைக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். வயலுக்கு நீர் இறைக்கும் இயந்திரம் வைத்திருப்பவர், சொந்தமாகச் சரக்கு வண்டி ஓட்டுபவர், படகு வைத்திருப்பவர், மாவு மில் நடத்துபவர் ஆகிய எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். அது வரும்போது பெரும்பாலும் கையில் பணம் இராது, காலமும் இராது. ஆகையால் அமைதியாக இருக்கும் சமயத்திலேயே இதைப்பற்றிச் சிறிது யோசித்து வைப்பது நல்லது.

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் பட்டறை நடத்தி வந்தேன். தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து வருவார்கள். மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு, "அண்ணே, இது தேறுமா?" என்று கேட்பார்கள். நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு வைத்தியரிடம் கேட்கும் அதே கேள்விதான். அந்தக் கேள்விக்கு நான் இரண்டு முறை தவறான விடை சொல்லியிருக்கிறேன். முதல் தடவை, தேறாததைத் தேறும் என்றேன். இரண்டாம் தடவை, தேறக்கூடியதைத் தேறாது என்றேன். அந்த இரண்டையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், தலை என்பது என்ன வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் என்பவர் தமது இயந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். காற்றை மிக அதிகமாக நெருக்கினால் அது தானே சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே எரியும் என்பதுதான் அவர் கண்ட வழி. இன்றைய டீசல் இயந்திரத்தில் பிஸ்டன் மேலே வரும்போது, உள்ளே வந்த காற்று ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது. எண்ணெய் எரியும்போது ஒரு கணம் 2,000 டிகிரிக்கும் மேலே போகிறது. ஆனால் தலை எதனால் ஆனது? வார்ப்பிரும்பு 1,200 டிகிரிக்குள் உருகிவிடும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகும். அப்படியிருந்தும் தலை உருகாமல் நிற்பதற்குக் காரணம், அதன் சுவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர்தான். ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் நீர், இடையே சில மில்லிமீட்டர் உலோகம். இதுவே தலையின் வாழ்க்கை.

வெப்பம் மட்டுமல்ல, அழுத்தமும் உண்டு. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோகிராம் அழுத்தம் ஏற்படுகிறது என்று கொண்டால், தலையை மேலே தூக்கி எறியப் பார்க்கும் மொத்த விசை ஐந்தரை டன் ஆகும். நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுழலும் நான்கு வீச்சு இயந்திரத்தில் இந்த அடி நிமிடத்துக்கு 750 தடவை விழுகிறது. ஒரு மணி நேரத்தில் 45,000 தடவை. ஓர் இரவு முழுவதும் நீர் இறைக்கும் இயந்திரத்தின் தலை எத்தனை அடியைத் தாங்குகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இந்தத் தலையிலே மிகவும் துன்பப்படும் இடம் ஒன்று உண்டு. காற்று உள்ளே வரும் வால்வுக்கும் புகை வெளியே போகும் வால்வுக்கும் நடுவிலுள்ள குறுகிய பாலம் போன்ற பகுதி அது. ஒரு பக்கம் குளிர்ந்த காற்று, மறுபக்கம் சுடுபுகை. சூடேறினால் அந்தப் பாலம் விரிய விரும்புகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் அதை விரியவிடாமல் நெருக்குகிறது. ஆறும்போது சுருங்க விரும்புகிறது, அப்போது இழுபடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான தடவை நெருங்கியும் இழுபட்டும் கடைசியில் அந்த இடத்தில்தான் மயிரிழைபோல் வெடிப்புத் தோன்றும்.

எங்கள் பகுதியில் முற்காலத்தில் ஓடிய நீர் இறைக்கும் இயந்திரங்களில் பல, இங்கிலாந்தில் 1930-ஐ ஒட்டித் தோன்றிய லிஸ்டர் இயந்திரத்தின் மாதிரியைப் பின்பற்றியவை. குஜராத்திலுள்ள ராஜ்கோட்டில் அவற்றை ஏராளமாகச் செய்தார்கள். நிமிடத்துக்கு 650 சுற்று மட்டுமே சுழலும். பெரிய சக்கரம், கனத்த வார்ப்பிரும்புத் தலை. நாம் செய்யும் தவறுகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு அது உழைக்கும். பின்னால் வந்த வேகமான இயந்திரங்கள் இலேசானவை. எண்ணெய்ச் சிக்கனமும் உடையவை. ஆனால் அவற்றின் தலைகள் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல. சூடு மிஞ்சினால் உடனே கோணிக்கொள்ளும். பழைய பழக்கத்தோடு புதிய இயந்திரத்தை நடத்தியவர்கள் பலர் இதனால் இடர்ப்பட்டதை நான் கண்டிருக்கிறேன்.

இனி என்னுடைய முதல் தவற்றைச் சொல்கிறேன்.

2012-ஆம் ஆண்டு. அவ்வாண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படவில்லை. ஆற்றை நம்பியவர்கள் குறுவையைக் கைவிட்டார்கள். நிலத்தடி நீர் கிடைத்தவர்கள் மட்டும் இயந்திரத்தை வைத்து நாற்று விட்டு நட்டார்கள். அப்படி இரண்டு ஏக்கர் நட்டிருந்த ஒருவர் ஒரு மாலை நேரத்தில் என் பட்டறைக்கு ஒரு தலையைக் கொண்டுவந்தார். வயதில் என்னைவிட மூத்தவர். ஆயினும் மரியாதைக்காக என்னை 'அண்ணே' என்றுதான் அழைப்பார். இயந்திரத்துக்குக் குளிர்ச்சித் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டதை அவருடைய மகன் கவனிக்கவில்லை. இயந்திரம் கொதித்ததைக் கண்டதும் பதறி, ஒரு குடம் தண்ணீரை எடுத்து மேலே ஊற்றிவிட்டான். சுட்ட கல்லில் நீர் தெளித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. இரண்டு வால்வுகளுக்கும் நடுவில் வெடிப்பு.

"புதுசு வாங்கக் கையிலே காசு இல்லை அண்ணே. எப்படியாவது ஒட்டிக் கொடுங்க. நட்ட பயிர் நாலு நாள்கூடத் தாங்காது" என்றார்.

நான் வெடிப்பைப் பார்த்தேன். அவர் முகத்தையும் பார்த்தேன். முகத்தைப் பார்த்த நேரம் அதிகம். வெடிப்பைப் பார்த்த நேரம் குறைவு. அன்று இரவே பற்றவைத்து, முகத்தை அராவிச் சமன்செய்து, மறுநாள் காலையில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். இயந்திரம் ஓடிற்று. அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் இரவு நிறுத்திவைத்திருந்தபோது, வெடிப்பு மறுபடி திறந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து நிறைந்திருக்கிறது. விடியற்காலையில் இயந்திரத்தைச் சுற்றி எழுப்பினார்கள். காற்றை நெருக்கலாம்; தண்ணீரை நெருக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிட்டது. தலை மட்டும் பழுதாக இருந்த இயந்திரம், இப்போது முழுவதும் பழுதாயிற்று. அக்கம்பக்கத்தில் எல்லோருடைய இயந்திரமும் அவரவர் வயலுக்கே போதாத காலம். வாடகைக்குக்கூடக் கிடைக்கவில்லை. நான் என் செலவில் புதிய தலையும் கம்பியும் வாங்கிப் பூட்டி முடிப்பதற்குள் இரண்டு ஏக்கரில் முக்கால் பங்கு காய்ந்துவிட்டது. இரும்புக்கு ஈடு கொடுக்கலாம். பயிருக்கு நான் எதைக் கொடுப்பேன்? அவர் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக வேதனையாக இருந்தது.

நான் செய்த தவறு என்ன? பற்றவைத்ததே தவறு என்று சொல்லமாட்டேன். வார்ப்பிரும்பைப் பற்றவைக்க முடியும். ஆனால் அதற்கு முறை உண்டு. வார்ப்பிரும்பில் கரி நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருக்கிறது. பற்றவைத்த இடம் விரைவாக ஆறினால் அது கண்ணாடிபோல் கடினமாகி நொறுங்கும் தன்மை அடைகிறது. ஆகவே தலை முழுவதையும் உலையில் வைத்து 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே பற்றவைத்து, பிறகு சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெள்ள மெள்ள ஆறவிட வேண்டும். ஒரே இரவில் அவசரமாக அது நடக்கிற காரியம் அன்று. சூடே இல்லாமல், வெடிப்பின் நீளம் முழுவதும் அடுத்தடுத்துத் துளையிட்டு, திருகாணிகளை ஒன்றோடொன்று பின்னினாற்போல் முடுக்கித் தைக்கும் முறையும் இருக்கிறது. அதையும் கற்றவர்தான் செய்ய வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. அதைவிடப் பெரிய தவறு, மாட்டுவதற்கு முன்னால் நீர் கசிகிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்காமல் விட்டது. எல்லாவற்றையும்விடப் பெரியது, "இது பத்து நாளும் ஓடலாம், பத்து மாதமும் ஓடலாம்; இரவில் நிறுத்தினால் காலையில் சுற்றுமுன் சோதித்துப் பாருங்கள்" என்று அவரிடம் சொல்லாமல் விட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் கம்பியாவது தப்பியிருக்கும்.

இதற்குப் பிறகு நான் பயந்தவனாகிவிட்டேன். யார் எந்தத் தலையைக் கொண்டுவந்தாலும், "மாற்றிவிடுங்கள்" என்று சொல்லத் தொடங்கினேன். மாற்றச் சொல்வதில் பட்டறைக்காரனுக்கு ஆபத்து இல்லை, செலவு மற்றவருடையது. சில ஆண்டுகளுக்குப் பின் சரக்கு வண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர் வந்தார். தலை கோணியிருந்தது. நேர்விளிம்புச் சட்டத்தை ஒரு தடவை வைத்துப் பார்த்து, கீழே வெளிச்சம் தெரிந்ததும், "இனி இது ஆகாது தம்பி" என்றேன். அவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் புதிது வாங்கினார். பழையதை இரும்புக் கடையில் போட்டார். எங்கள் ஊரில் என்னைவிட வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் அந்தத் தலையைக் கடையிலிருந்து எடைக்கு வாங்கிவந்து அளந்து பார்த்திருக்கிறார். கோணல் 0.12 மில்லிமீட்டர்தான். வெடிப்பு இல்லை. உயரமோ, உற்பத்தியாளர் கையேட்டில் குறித்துள்ள குறைந்தபட்ச உயரத்துக்கு மேல் தாராளமாக இருந்தது. இயந்திரத்தில் ஏற்றி முகத்தைச் சமன்செய்து வேறொரு வண்டிக்கு மாட்டிவிட்டார். என்னிடம் அவர் வந்து, "தம்பி, நீ அளந்து பார்த்தாயா, பார்த்துச் சொன்னாயா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை.

இந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் நான் கற்றுக்கொண்டது ஒன்றே. இரக்கத்தினால் 'தேறும்' என்பதும் பயத்தினால் 'தேறாது' என்பதும் ஒரே வகைத் தவறுதான். இரண்டிலும் அளவு இல்லை. ஆகையால் எந்தத் தலையைப் பற்றியும் முடிவு சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகளை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் தலையைச் சோதிப்பவர் இவற்றைச் செய்கிறாரா என்று நீங்கள் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது, சுத்தம் செய்தல். கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் உப்புப் படிவும் போகும்வரை கழுவவேண்டும். அழுக்கின் அடியில் எந்த வெடிப்பும் தெரியாது.

இரண்டாவது, வெடிப்புத் தேடுதல். இதற்கென்று சிவப்புச் சாய மருந்தும் வெள்ளைப் பூச்சும் விற்கிறார்கள். சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளையைப் பூசினால், வெடிப்புக்குள் புகுந்திருந்த சாயம் சிவப்புக் கோடாக வெளிவரும். அது கிடைக்காத இடத்தில் மண்ணெண்ணெயும் சுண்ணாம்புக்கட்டித் தூளும் போதும். மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, தூளைத் தூவினால், வெடிப்பு இருக்கும் இடத்தில் ஈரக்கோடு தோன்றும். கோடு தோன்றியதும் மனம் உடைய வேண்டாம். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே முக்கியம். வால்வுகளுக்கு நடுவில் மேலாக ஏற்படும் மெல்லிய வெடிப்பைக் குறிப்பிட்ட அளவுவரை சில உற்பத்தியாளர்கள் தங்கள் கையேட்டிலேயே அனுமதிக்கிறார்கள். தண்ணீர் அறைவரை சென்ற வெடிப்பு வேறு, அது கொடியது.

மூன்றாவது, அழுத்தச் சோதனை. தலையிலுள்ள தண்ணீர்த் துவாரங்களை ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்த வேண்டும். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. வெந்நீர் ஏன் என்றால், குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, சூட்டில்தான் வாய் திறக்கும்.

நான்காவது, கோணல். நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாட்டில், அகலவாட்டில், மூலைக்கு மூலை இருபுறமும் வைத்து, அடியில் மெல்லிய அளவுத் தகட்டைச் செலுத்திப் பார்க்க வேண்டும். பல இயந்திரங்களுக்கு 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் முகத்தை அறுத்துச் சமன்செய்ய வேண்டும். ஆனால் எவ்வளவு அறுக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. பெட்ரோல் இயந்திரத்தில் எரியும் அறை தலைக்குள்ளேயே குழிந்திருப்பது வழக்கம். அங்கே அறுக்க அறுக்க அறை சிறுத்து, நெருக்கம் அதிகமாகி, இயந்திரம் தட்டத் தொடங்கும். பல டீசல் இயந்திரங்களில் தலை தட்டையாக இருக்கும்; குழி பிஸ்டனில் இருக்கும். அங்கே அறுத்தால் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கிவரும்; எண்ணெய் பீய்ச்சும் நாசிலின் முனையும் வெளியே நீளும். வால்வும் பிஸ்டனும் மோதினால் பிறகு பேச்சே இல்லை. எனவேதான் கையேட்டில் குறைந்தபட்ச உயரம் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லைக்கு வந்துவிட்ட தலையை மேலும் அறுக்கச் சொல்பவரை நம்பவேண்டாம்.

ஐந்தாவது, வால்வு சம்பந்தமான தேய்மானம். வால்வின் தண்டு ஆடும் கைடு தேய்ந்திருந்தால் அதை அழுத்தி எடுத்துவிட்டுப் புதிது போடலாம். வால்வு உட்காரும் சீட் தேய்ந்திருந்தால் அதையும் குடைந்து எடுத்துப் புதிய வளையம் பதிக்கலாம். இவை செலவு குறைந்த, நம்பத்தக்க வேலைகள். இவற்றுக்காக மட்டும் ஒரு தலையை எறிவது வீண். ஆனால் தேய்ந்ததைத் தேய்ந்தபடியே மேலும் மேலும் அரைத்துக்கொண்டு போகும் பழக்கம் நல்லதன்று. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில், 17 மடங்கு நெருக்கம் வேண்டுமானால், மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 62 கன சென்டிமீட்டர்தான். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வுகள் இரண்டும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே அமிழ்ந்துவிட்டால் இரண்டரை கன சென்டிமீட்டர் கூடிவிடும். நெருக்கம் 17-லிருந்து 16.4 ஆகக் குறையும். மார்கழிக் குளிரில் காலையில் இயந்திரம் எழும்ப மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

அலுமினியத் தலையானால் ஆறாவது சோதனை ஒன்று உண்டு. அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். மிகையாகச் சூடேறிய அலுமினியம் தன் உறுதியை இழந்து மென்மையாகிவிடும். கண்ணுக்கு நன்றாகத் தோன்றும். கடினத்தை அளக்கும் கருவியில் வைத்தால் தெரியும். அப்படி மென்மையான தலையை எவ்வளவு சமன்செய்து மாட்டினாலும் மறுபடி கோணும். அதை மாற்றுவதே வழி.

இவ்வளவும் பார்த்தபின் வருவதுதான் பணக் கணக்கு. புதிய தலையின் விலை 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பழுதுச் செலவு 40 ரூபாய். எதைச் செய்தாலும் கழற்றி மாட்டும் கூலி, கேஸ்கெட், எண்ணெய் ஆகியவற்றுக்கு 15 ரூபாய். புதியது பத்து ஆண்டு உழைக்கும் என்றால் 115 ரூபாயைப் பத்தால் வகுக்க, ஆண்டுக்கு பதினொன்றரை ரூபாய். பழுது பார்த்தது ஐந்து ஆண்டு உழைத்தால் 55 ரூபாயை ஐந்தால் வகுக்க, ஆண்டுக்கு 11 ரூபாய். ஏறக்குறைய இரண்டும் சமம். ஆனால் அது மூன்று ஆண்டில் முடிந்துவிட்டால் ஆண்டுக்கு 18 ரூபாய்க்கு மேல். ஆகவே "பழுதுக்கு எவ்வளவு?" என்று கேட்பதோடு நில்லாமல், "எத்தனை நாள் உழைக்கும்?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்கு விடை தெரிந்து பயனில்லை.

இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று உண்டு. இயந்திரம் நிற்கும் நேரம் எது என்பதே அது. கோடையில் சும்மா கிடக்கும் இயந்திரம் நின்றால் ஒரு நாள் கூலியோடு போகும். நட்ட பத்தாம் நாள் நின்றால் ஒரு போகமே போகும். கரையில் நிற்கும் படகின் இயந்திரம் வேறு. நடுக்கடலில் இருக்கும் படகின் இயந்திரம் வேறு. நின்றால் உயிருக்கோ வாழ்வுக்கோ ஆபத்து என்ற இடத்தில், சந்தேகமான பழுதை ஒருபோதும் ஏற்காதீர்கள். கடன் வாங்கியாவது நல்லதைப் போடுங்கள். மாற்று இயந்திரம் இருக்கும் இடத்தில், பழுது பார்த்துத் துணிந்து ஓட்டலாம்.

புதியது வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டக் கூடாது. தண்ணீர்ப் பாதையில் வார்ப்பு மணல் தங்கியிருக்கிறதா, வால்வு சரியாக உட்காருகிறதா என்று பார்க்கவேண்டும். வால்வுத் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, சிறிது நேரம் கசியாமல் நிற்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. மேலும், கீழே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து கிடக்கையில் தலையை மட்டும் புதிதாக்கினால் முழுப் பயன் கிட்டாது. இடிந்த சுவர்மேல் புதுக் கூரை போட்ட கதைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தலை கெட்டதற்குக் காரணம் என்ன என்று கண்டுபிடியாமல் பழுதும் பார்க்காதீர்கள், மாற்றவும் மாற்றாதீர்கள். குழாயில் அடைப்பு இருந்தால், அதை நீக்காமல் மாட்டிய புதுத் தலையும் அதே கதியை அடையும். உப்புத் தண்ணீர் ஓடும் இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது படிவைச் சுத்தம் செய்யுங்கள். கொதித்த இயந்திரத்தின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள். தலையை முடுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, இரண்டு மூன்று சுற்றாக, அளவுக் குறடு கொண்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். ஓரத்திலிருந்து முடுக்கினால் நல்ல தலையையும் நாமே கோணலாக்கிவிடுவோம்.

முடிவாக ஒன்று சொல்லி விடைபெறுகிறேன். 2012-இல் பயிரை இழந்த அந்தப் பெரியவர், சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒரு தலையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கே வந்தார். வேறு யாரிடமும் போயிருக்கலாம்; என்னிடம் வந்தார். இந்தத் தடவை நான் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பக்கத்திலேயே உட்காரவைத்துக் கழுவினேன், அளந்தேன், வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்தினேன். குமிழி ஒன்றும் வரவில்லை. கைடும் சீட்டும் மட்டுமே தேய்ந்திருந்தன. கிடைத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து, பழுதுக்கு இவ்வளவு, புதிதுக்கு இவ்வளவு, எது எத்தனை நாள் வரும் என்று நான் எண்ணுகிறேன் என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பழுதே பார்த்துடுங்க அண்ணே. ஆனா இந்தத் தாளை நான் வச்சுக்கிறேன்" என்றார்.

அந்தத் தலை நான் பட்டறையை மூடும்வரை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது ஓடியதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஒருவேளை அது இரண்டு மாதத்தில் நின்றிருந்தாலும், என்ன தெரிந்து எதைத் தேர்ந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். முன்பு நான் அவருக்குக் கொடுக்கத் தவறியது அதைத்தான். நேயர்களும் தங்கள் பட்டறைக்காரரிடம் அந்தத் தாளைக் கேட்டுப் பெறுங்கள். கேட்டால் கோபிக்காதவர்தான் நல்ல பட்டறைக்காரர்.